குடியை விட்ட பின் வரும் மாதங்கள்

ஒரு கொத்தனார். பத்து ஆண்டுகள் தினமும் குடித்தவர். இப்போது குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் இரவில் தூக்கம் இல்லை. சின்னப் பேச்சுக்கும் கோபம் வருகிறது. வேலையில் மனம் நிற்கவில்லை. கூலிக் கணக்குக்கூடத் தப்புகிறது.

"மறுபடியும் குடிச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்கிறார்.

அவர் குடிக்கவில்லை. குடித்தாலும் ஏச்சு, குடிக்காவிட்டாலும் ஏச்சு. பிறகு எதற்கு விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. இந்த இடத்தில்தான் பலர் மீண்டும் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இது ஏன் வருகிறது?

ஒருவர் வெளியே நின்று கதவைத் தள்ளுகிறார். நாம் உள்ளே நின்று எதிர்த்துத் தள்ளுகிறோம். அவர் சட்டென்று விலகினால் நாம் தடுமாறுவோம் அல்லவா? மூளையும் அப்படித்தான். சாராயம் மூளையை அமுக்குகிறது. மூளை எதிர்த்து வேகமாக வேலை செய்து பழகிவிடுகிறது. குடியை நிறுத்தினாலும் அந்த வேகம் உடனே அடங்காது.

முதல் வாரம்தான் மிகவும் ஆபத்தானது. கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் தெரியும். உயிரும் போகலாம். ஆகவே தினமும் நிறையக் குடிப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அதன் பிறகு உயிருக்கு ஆபத்து குறையும். ஆனால் தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு, மறதி ஆகியவை பல வாரம் இருக்கும். சிலருக்குப் பல மாதம் இருக்கும். ஒரு வாரம் நன்றாக இருப்பார், அடுத்த வாரம் வாடிவிடுவார். இது மூளை மெல்ல மெல்லத் தேறும் காலம். இதை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

குடிக்கும் ஆசை அலை போல வரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். பசியிலும் தனிமையிலும் அது அதிகம் வரும். சம்பள நாளில் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் வயிறு காலியாக இருக்கக் கூடாது. கொஞ்சம் கடலைமிட்டாய் சாப்பிடலாம். யாருடனாவது பேசிக்கொண்டு நடக்கலாம். கூலியை அன்று மனைவியோ அம்மாவோ வாங்கிக்கொள்வது நல்லது.

தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்காதீர்கள். அதுவே புதிய பழக்கம் ஆகிவிடும். மாலைக்கு மேல் தேநீரைக் குறையுங்கள். உடம்பு தேற அரிஷ்டம் கொடுப்பார்கள் சிலர். அரிஷ்டத்திலும் சாராயம் உண்டு.

இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். குடியை விட மருத்துவர் தரும் மாத்திரை ஒன்று உண்டு. அதன் மேல் குடித்தால் மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் இறங்கும். தெரியாமல் கொடுத்தால் அவரும் தெரியாமல் குடிப்பார். பிறகு என்ன ஆகும்?

ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால் மறைக்க வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் போகலாம். சாகத் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை சொல்ல நடுவண் அரசின் தொலைபேசி எண் 14446. மனநலத்துக்கு 14416. இரண்டும் இலவசம்.

பயிற்சி: இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கொத்தனாரின் மனைவி வேறு எப்படிக் கேட்டிருக்கலாம்? குழுவில் பேசுங்கள்.