விறகில் ஓடிய டாங்கி

எரிதல் பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் நான் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டுவது வழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் டாங்கி ஒன்று, துப்பாக்கிக் கூண்டு கழற்றப்பட்ட நிலையில் நிற்கும். அதன் பின்புறத்தில் பெரிய இரும்பு உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். “இது எதில் ஓடியது?” என்று கேட்டால் முதலில் வரும் பதில், “நீராவி, டீச்சர்!”

இல்லை மாணவர்களே. அந்த டாங்கியில் இருந்தது வழக்கமான பெட்ரோல் எஞ்சின்தான். ஆனால் அதற்குப் பெட்ரோல் ஊற்றவில்லை. அந்த உருளைக்குள் போட்டது காய்ந்த விறகுத் துண்டுகள்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் விறகை எப்படி எரிப்பது? முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். பெட்ரோலும் திரவமாக எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றுடன் கலந்து சிலிண்டருக்குள் போகிறது. அங்கே ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. ஆகவே எஞ்சினுக்குத் தேவை எரியக்கூடிய ஒரு வாயு. அந்த வாயுவை விறகிலிருந்து எடுக்க முடிந்தால் போதும்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. காற்று போதாதபோது முழுமையற்ற எரிதல் நடக்கும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்று தேர்வில் எழுதுகிறீர்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த வாயுவை வெறும் கழிவு என்றே மனத்தில் பதித்துக்கொள்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோல் கார்பன் முழுமையாக எரிந்து கரிவளியானால் 394 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதே கார்பன் பாதி வழியில் நின்று கார்பன் மோனாக்சைடானால் 111 கிலோஜூல்தான். மீதி 283 கிலோஜூல் எங்கே போனது? எங்கும் போகவில்லை, இன்னும் வெளிவரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு மேலும் உயிர்வளி கொடுத்துப் பற்ற வைத்தால் அதுவும் வரும். 283ஐ 394ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 72 விழுக்காடு. நாம் ‘கழிவு’ என்று ஒதுக்கிய வாயுவிடம்தான் பெரும்பங்கு ஆற்றல் காத்திருக்கிறது!

இதைப் பயன்படுத்தி வண்டிக்கேற்ற ஓர் அடுப்பை 1920களில் உருவாக்கியவர், பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பர்ட். விறகை அரைகுறையாக எரிப்பது யாராலும் முடியும். சிக்கல் தாரில் இருந்தது. விறகு சூடாகும்போது பிசுபிசுப்பான தார் ஆவியாக வெளியேறும். அது எஞ்சினுக்குள் போய்க் குளிர்ந்தால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும்.

இம்பர்ட் செய்த தந்திரம், வாயுவை மேலே போகவிடாமல் கீழ்நோக்கி இழுத்தது. உருளையின் மேல்பகுதியில் விறகு காய்கிறது. சற்றுக் கீழே, காற்று எட்டாத இடத்தில், அது கரியாகிறது. தார் ஆவியும் நீராவியும் பிரிகின்றன. அதற்கும் கீழே, பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கொஞ்சமே காற்று நுழையும் இடத்தில், வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டும். தார் ஆவி அந்த நெருப்பைக் கடந்துதான் ஆக வேண்டும். கடக்கும்போது அது சிதைந்து சிறு மூலக்கூறுகளாகிவிடுகிறது.

கடைசியாக வருவது செந்தணலாக இருக்கும் கரிப்படுகை. மேலே உண்டான கரிவளி இதன் வழியே போகும்போது, கரியிலுள்ள கார்பன் அதிலிருந்து உயிர்வளியைப் பறிக்கிறது. ஒரு மூலக்கூறு கரிவளி, இரண்டு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடாகிறது. நீராவியும் அதே கரியிடம் உயிர்வளியை இழந்து ஹைட்ரஜனாகிறது. நான்காம் படிவத்தினருக்குப் பழக்கமான சொல்தான்: ஒடுக்கம். இரண்டும் வெப்பத்தை உறிஞ்சும் வினைகள். மேலே எரிந்து வெளிப்பட்ட வெப்பத்தில் ஒரு பங்கு வீணாகாமல் மறுபடியும் எரிபொருளாகிறது. இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உற்சாகம் வந்துவிடும்.

பிறகு வாயுவைக் குளிர்வித்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஏன் குளிர்விக்க வேண்டும்? சூடான வாயு விரிந்திருக்கும். சிலிண்டரின் கொள்ளளவு மாறாது. குளிர்ந்தால்தான் அதே இடத்துக்குள் அதிக வாயு அடங்கும்.

அப்படியும் எஞ்சின் சோர்வாகத்தான் ஓடியது. அடுப்புக்குள் நுழையும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன் அல்லவா? அது எரியாமல் அப்படியே வந்து, வாயுவில் ஏறத்தாழ பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு ஐந்தில் ஒரு பங்கு, ஹைட்ரஜன் அதைவிடச் சற்றுக் குறைவு, சிறிதளவு மீத்தேன், எரியக்கூடியவை இவ்வளவுதான். வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக இரண்டரை முதல் மூன்று கிலோ விறகு வேண்டியிருந்தது. காலையில் வண்டியைக் கிளப்புமுன் அடுப்பை மூட்டி, விசிறியைச் சுழற்றி, நல்ல வாயு வரும்வரை பல நிமிடங்கள் காத்திருக்கவும் வேண்டும்.

எதிரி சுடும்போது பல நிமிடங்கள் காத்திருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் படத்தில் உள்ள ‘பான்சர் ஒன்று’ வகை டாங்கி போர்முனைக்குப் போகவில்லை. அது ஓட்டுநர் பயிற்சி வண்டி. பயிற்சியில் விறகை எரித்தால், மிச்சமாகும் பெட்ரோல் போர்முனைக்குப் போகும். ஜெர்மனிக்குச் சொந்த எண்ணெய் வளம் மிகக் குறைவு. நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரித்த அதன் ஆலைகளை 1944 மே மாதம் முதல் நேச நாட்டு விமானங்கள் தொடர்ந்து குண்டுவீசித் தாக்கின. போர் முடியும் காலத்தில் ஜெர்மனியில் ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள் இத்தகைய வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன.

போரில் சேராத சுவீடனும் தப்பவில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் பிடித்ததும் சுவீடனுக்கு எண்ணெய் வரும் கடல்வழி அடைபட்டது. காடு நிறைந்த நாடு. 70,000க்கும் மேற்பட்ட வண்டிகளை விறகுக்கும் மரக்கரிக்கும் மாற்றிவிட்டார்கள்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, பெட்ரோல் இராணுவத்துக்கே போனது. பேருந்துகளும் கார்களும் மரக்கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. ஜப்பானிலேயே 1930களின் பிற்பகுதியிலிருந்து கரிப் பேருந்துகள் இருந்தன. மரக்கரியில் தார் ஏறக்குறைய இல்லை என்பதால் அடுப்பின் அமைப்பு எளிது. ஆனால் விறகைக் கரியாக்கும்போதே அதன் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டியிருந்ததாக மூத்தவர்கள் சொல்வதுண்டு. உங்கள் வீட்டில் அந்தத் தலைமுறையினர் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுநர்கள் பயந்தது மேட்டுக்கு அல்ல, அந்த வாயுவுக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு எளிதில் விடாது. மூச்சு வழக்கம்போல் நடக்கும். மூளைக்கு உயிர்வளி போய்ச் சேராது. தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு நினைவிழப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் இயற்பியல் உண்மையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது அடுப்புக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. ஆகவே குழாயில் விரிசல் இருந்தாலும் பெரும்பாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்தியதும் உறிஞ்சுதல் நின்றுவிடுகிறது. தணல் மட்டும் அணைவதில்லை. வாயு தொடர்ந்து உண்டாகி வெளியே கசியத் தொடங்கும். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆபத்து உச்சம். சுவீடனில் இப்படிப் பலர் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு.

கரிப் பேருந்து போய்விட்டது, கரி போகவில்லை. முகாமில் இறைச்சி வாட்டிய அடுப்பை, தணல்தானே என்று மழைக்காகக் கூடாரத்துக்குள் எடுத்து வைக்காதீர்கள். புகையில்லாத செந்தணல்தான் இம்பர்ட் அடுப்பின் கடைசிப் படுகை என்பதை மறக்காதீர்கள். மூடிய இடத்தில் கரியோ ஜெனரேட்டரோ எரியும்போது யாருக்காவது தலை சுற்றினால், முதல் வேலை எல்லாரும் வெளிக்காற்றுக்குப் போவது; அடுத்தது 999. இம்பர்ட் அடுப்பை வீட்டில் செய்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம். அதைத் தாளிலேயே ஓட்டிப் பார்ப்போம்.

100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் லோரி ஒன்று விறகுக்கு மாற்றப்படுகிறது. ஒரு லிட்டருக்கு 3 கிலோ விறகு என்று வையுங்கள். 200 கிலோமீட்டர் போய்வர எத்தனை கிலோ விறகு ஏற்ற வேண்டும்? அந்த லோரி 1,500 கிலோ சுமை தாங்குமென்றால், சரக்குக்கு மிஞ்சுவது எவ்வளவு? விறகு ஈரமாக இருந்தால் உங்கள் விடை எந்தப் பக்கம் நகரும், ஏன்?