மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஒரு தூதுவரம்மாவும்

நெடுங்கேணி

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு எங்கள் முற்றத்தில் இருந்துகொண்டு ஒன்று கேட்டாய். "அமெரிக்கத் தூதுவர் நினைச்சால் எதையும் செய்யலாம்தானே, சேர்?" பதில் சொல்லாமல் எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். கோபம்தான். தேநீர்க்கடையில் இதைக் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். உயர்தரத்தில் அரசறிவியல் எடுக்கிற பிள்ளையும் அதையே கேட்டால்?

பதிலை இப்போது சொல்கிறேன். பிரான்சிஸ் வில்லிஸ் என்று ஒரு அம்மா 1961 முதல் 1964 வரை கொழும்பில் அமெரிக்கத் தூதுவராக இருந்தார். ஸ்டான்போர்டில் அரசறிவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். கொஞ்சக் காலம் படிப்பித்துவிட்டு 1927இல் வெளிநாட்டுச் சேவைக்குள் போனார். சிலி, சுவீடன், பெல்ஜியம், ஸ்பெயின் என்று ஊர் ஊராக மாற்றம். 1953இல் சுவிற்சர்லாந்துக்குத் தூதுவர். கீழ்ப்படியில் தொடங்கி அந்த இடத்துக்கு ஏறிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். கலியாணம் கட்டியிருந்தால் அதுவும் இல்லை. பெண் உத்தியோகத்தர் மணம் முடித்தால் வேலையை விட வேண்டும் என்ற நிலை 1970களின் தொடக்கம் வரை அங்கே இருந்தது. பெண் தூது ஏதோ புதினம் என்று நினைக்காதே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையாரை எட்டாம் வகுப்பிலேயே உனக்குப் படிப்பித்தேன்.

எல்லாரும் வில்லிஸைப் போலப் படியேறி வருவதில்லை. 1957இல் இங்கே அனுப்பப்பட்ட மக்ஸ்வெல் குளக் பெண்களுக்கான துணிக்கடைகளின் முதலாளி, ஜனாதிபதி ஐசனோவரின் கட்சிக்குக் காசு கொடுத்தவர். இலங்கைப் பிரதமரின் பெயர் தெரியுமா என்று செனட் குழுவில் செனட்டர் ஃபுல்பிரைட் கேட்டார். பண்டாரநாயக்க என்ற பெயர் மனுசனுக்கு வாயில் வரவில்லை. பிறகும் தூதுவராகத்தான் வந்து இறங்கினார்! இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

நீ சொல்வது சரியென்றால், முப்பத்துநாலு வருடச் சேவையோடு வந்த வில்லிஸ் நினைத்தது நடந்திருக்க வேண்டும். 1962இல் சிறிமாவோ அரசு எசோ, கல்டெக்ஸ் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைப் புதிய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு எடுத்தது. அதே வருடம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அமெரிக்கரின் சொத்தை எடுத்த நாடு ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுக்கு வழி செய்யாவிட்டால் உதவி நிற்கும். செனட்டர் ஹிக்கன்லூப்பரின் பெயரில் வழங்குகிற திருத்தம் அது. வில்லிஸ் அரசோடு பேசிப் பார்த்தார். 1963 பெப்ரவரியில் உதவி நின்றது. அந்தச் சட்டத்தின் முதல் அடி எங்கள் நாட்டுக்கு. அவருடைய நாடோ அதற்கு முந்தின வருடந்தான் சேவையின் ஆக உயர்ந்த பதவிநிலையை அவருக்குக் கொடுத்திருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கழுத்தில் கயிறு கட்டிய போத்தலோடு கடைக்குப் போய், மண்ணெண்ணெய் வாங்கி, அதன் வாயில் வாழைச்சருகை அடைத்துக்கொண்டு வருவேன். சிந்தினால் அம்மாவிடம் அடி. அந்தப் போத்தலை வைத்து வாஷிங்டனும் கொழும்பும் இழுபறிப்படுகின்றன என்று எனக்கு ஆர் சொன்னது?

திருக்குறளில் தூது அதிகாரத்தை எடு. குறளோடு நில்லாமல் பரிமேலழகரையும் வாசி. நீங்கள் உரை என்றால் ஓடுகிற ஆட்கள். தூதரை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தானே யோசித்து வகுத்துப் பேசுகிறவர் ஒருவர், சொல்லிவிட்டதைப் போய்ச் சொல்கிறவர் மற்றவர். தந்தி வந்த நாளோடு முதலாம் வகை அநேகமாகச் செத்துவிட்டது என்பது என் கட்சி. காலையில் கேட்டால் மாலையில் தலைநகரத்திலிருந்து மறுமொழி வருகிறபோது எதை வகுப்பது? வில்லிஸ் முதலாம் வகைக்குரிய மூளையோடு இரண்டாம் வகை வேலை பார்த்தவர். மேலே என்ன எழுதி அனுப்புவது என்பதில்தான் அப்படிப்பட்டவரின் கெட்டித்தனம் தெரியும். அதனால்தான் தூதுவரைக் கண்டால் மகஜரை நீட்டிவிட்டுப் படம் எடுக்கிற எங்கட ஆட்களில் எனக்கு எரிச்சல். கையில் கொடுக்க வேண்டியது நாளும் இடமும் கணக்கும் உள்ள தாள்.

1965இல் ஆட்சி மாறி, இழப்பீடு தீர்ந்து, உதவி திரும்ப வந்தது. வில்லிஸ் முந்தின வருடமே ஓய்வுபெற்றுக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்.

வாற கிழமை வரும்போது பரிமேலழகரைத் திருப்பிக் கொண்டு வா. நீ கொண்டுபோய் எட்டு மாதமாகிறது.

அன்புடன்,
சேர்