கத்தியின் கூர்மையும் கோணக் கணக்கும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

நன்றி மறந்தவனை, "தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்" என்று பழிப்பது நம் வழக்கம். பழிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இப்பழமொழிக்குள் ஒரு தொழிற்பாடம் இருக்கிறது. வெங்கச்சங்கல்லைப் பொடித்து, மரக்கட்டையில் தூவி, அதில் அரிவாளைத் தீட்டினார்கள் நம் முன்னோர். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்சு. மோ அளவுகோலில் அதன் கடினம் 7. பதமேற்றிய எஃகு அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. எனவே கல் எஃகைக் கீறியது. அளவுகோல் பிறக்கும் முன்பே கை அதைக் கண்டுகொண்டது.

இக்கட்டுரை அரிவாளைப் பற்றியதன்று. சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தியைப் பற்றியது. என் தந்தையார் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வயர்மேன். அவருடைய கருவிப் பையில் அதிகம் உழைப்பது இந்தக் கத்திதான். அவருடன் வேலை செய்த ஒருவர், மொண்ணைக் கத்தியால் கம்பியின் உறையைச் சீவும்போது கத்தி வழுக்கி, கட்டைவிரல் தசைநாண் அறுபட்டு மூன்று மாதம் வேலையின்றி இருந்தார். கூரான கத்திதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். மொண்ணைக் கத்திக்கு அதிக விசை வேண்டும். அதிக விசையில் வழுக்கிய கத்தி எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூர்மை என்பது என்ன?

கத்தி ஓர் ஆப்பு. அதன் இரு சரிவுகளும் கூடும் இடமே வாய். கூர்மையில் இரண்டு செய்திகள் கலந்துள்ளன. ஒன்று, வாய் எவ்வளவு மெல்லியது என்பது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. வாய் மெலிந்தால் பரப்புக் குறைந்து அழுத்தம் கூடுகிறது. மற்றொன்று கோணம். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒவ்வொரு பக்கமும் 15 பாகை உள்ள ஆப்பு, நாம் கொடுக்கும் விசையைப்போல் சுமார் 1.9 மடங்கு விசையுடன் பொருளை இருபுறமும் விலக்குகிறது. 25 பாகையில் அது 1.2 மடங்கே.

அப்படியானால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். கூடாது. கோணம் குறையக் குறைய வாய்க்குப் பின்னால் தாங்கி நிற்கும் எஃகும் குறைகிறது. மென்மையான எஃகாயின் வாய் மடங்கும். கடினமான எஃகாயின் பல் விழும். ஆகவே கோணத்தை முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: கத்தியின் எஃகும், அது செய்யப்போகும் வேலையும்.

எந்த வேலைக்கு எந்தக் கோணம்?

பழம் நறுக்க, பென்சில் சீவ, மயிலாப்பூர் மாட வீதிப் பூக்கடைகளில் போல வாழைநாரும் நூலும் அறுக்க, பக்கத்துக்கு 15 முதல் 18 பாகை போதும். பல வேலைகளுக்கும் ஒரே கத்தி வைத்திருப்போருக்கு 20 பாகை நலம். 1897இல் காப்புரிமை பெற்ற சுவிஸ் மடக்குக் கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனமும் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகையே சொல்கிறது. கயிறு, தடித்த பிளாஸ்டிக், மின்கம்பி உறை ஆகியவற்றுக்கு 20 முதல் 25 பாகை வேண்டும். மின்கம்பியில் இன்னொரு காரணமும் உண்டு. மிக மெல்லிய வாய் உறையைத் தாண்டிச் செம்பையும் கீறிவிடும். கீறிய இடத்தில் கம்பி மெலிந்து, வளைக்கும்போது முறியும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கம்பியைச் சுற்றி வட்டமாக அறுக்காமல், பென்சில் சீவுவதுபோல் சாய்வாகச் சீவுகிறார்கள்.

கோணத்தை அளப்பது எப்படி?

நாம் படித்த சைன் வாய்பாடு இங்கே உதவுகிறது. அலகின் அகலத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால், கல்லிலிருந்து முதுகின் நடுப்பகுதி எவ்வளவு உயர வேண்டும் என்பது கிடைக்கும். 15 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு 15 பாகையில் 3.9 மி.மீ., 20 பாகையில் 5.1 மி.மீ., 25 பாகையில் 6.3 மி.மீ. முதுகின் தடிப்பு 2 மி.மீ. என்றால் அதில் பாதியைக் கழிக்க வேண்டும். எனவே 20 பாகைக்கு முதுகின் அடியில் சுமார் 4 மி.மீ. இடைவெளி. சில நாணயங்களை அடுக்கி வெர்னியரால் அளந்தால் கைக்கு அந்த உயரம் பழகிவிடும்.

இக்கணக்கைத் தந்தையாரிடம் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியை வாய் முன்னே போகும்படி மெல்லத் தள்ளினார். "முதுகைக் கொஞ்சங் கொஞ்சமா தூக்குடா. வாய்க்கு முன்னால தண்ணி திரண்டு மேல ஏறுது பார், அதுதான் உன் கோணம்" என்றார். கத்தியில் ஏற்கெனவே உள்ள சரிவு கல்லோடு படிந்ததை அது காட்டுகிறது. புதுக் கோணம் வைக்கக் கணக்கு வேண்டும்; இருக்கும் கோணத்தைக் காக்கத் தண்ணீரே போதும்.

எதில் தீட்டுவது?

தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரம், பல் விழுந்த கத்தியைச் சீர்செய்ய ஏற்றது. ஆனால் வெறும் கூர் போனதற்கு அது அதிகம். எஃகு நிறையத் தேய்ந்துவிடும். அதோடு, சூடேறி வாய் நீலம் பாய்ந்தால் வெப்பநிலை சுமார் 300 பாகை செல்சியசு. எஃகின் பதம் அங்கே இறங்கிவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனைக்கும் சாணைக்காரரே நல்ல சாணைக்காரர்.

பாத்திரக் கடைகளில் கிடைக்கும், கத்தியை இழுத்துத் தீட்டும் 'வி' வடிவக் கருவி எளியது. ஆனால் அதன் கோணம் மாறாதது. வாயையும் சுரண்டி எடுக்கிறது. சமையலறைக் கத்திக்குப் போதும். சிறு மடக்குக் கத்திக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாணவர்க்கும் தொழிலாளிக்கும் ஏற்றது, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமும் உள்ள கார்போரண்டம் கல். மணலையும் கரியையும் மின் உலையில் சேர்த்துப் பெறும் சிலிக்கன் கார்பைடு இது. கடினத்தில் குவார்ட்சை விஞ்சியது. 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் மூலம் சென்னையே இப்பொருளுக்குப் பெயர் பெற்ற ஊர். கல் வாங்க இயலாதவர்கள், கண்ணாடித் துண்டின்மேல் 400, பிறகு 1000 எண் வாட்டர் பேப்பரை ஒட்டிக்கொள்ளலாம். தாள் கிழியாதிருக்க, முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும்.

ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் பிசிறு எழும். வாய் முழுவதும் அது எழுந்த பிறகே பக்கம் மாற்றுக. இறுதியில் பழைய தோல் பட்டையில் சில முறை பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும். மூட்டில் புகுந்த கல்பொடியைக் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுக. பழைய வகை மடக்குக் கத்தியில் பூட்டு இல்லை. குத்தினால் விரல்மேலேயே மடங்கும்.

கோணமும் கல்லும் தெரிந்துவிட்டால் மாதம் ஒருமுறை சில நிமிடம் போதும். ஏணிமேல் நின்று வேலை செய்யும் ஒருவரின் விரலுக்கு அந்தச் சில நிமிடங்களே காவல். ஆய்வகத்தில் சைனைப் படிக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கத்தி இருக்கும். அதைத் தீட்டத் தெரிந்த கையும் இருக்கும். இரண்டையும் கேட்டுப் பழகுங்கள்.