கன்று, ஆட்டுக்குட்டிகளில் கால் எலும்பு முறிவு

கால் முறிந்த குட்டி கறிக்குத்தான் ஆகும் என்ற எண்ணம் கிராமங்களில் இன்றும் உண்டு. இது தவறு. இளம் கால்நடைகளின் எலும்பு விரைவில் கூடும் தன்மையுடையது. முறிந்த முதல் சில மணி நேரத்தில் செய்யும் உதவியைப் பொறுத்தே கால் பிழைப்பதும் வீணாவதும் அமைகிறது.

எந்த எலும்பு முறிகிறது?

மாட்டினத்தில் முழங்காலுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட எலும்பே மிகுதியாக முறிகிறது. இப்பகுதியில் தசை குறைவு, தோலும் மெல்லியது. எனவே முறிந்த முனை தோலைக் கிழித்து எளிதில் வெளிவந்துவிடும். ஆனால் சிம்பு வைத்துக் கட்ட ஏற்ற இடமும் இதுவே. தொடை எலும்பும் தோளை ஒட்டிய மேற்கால் எலும்பும் தசைக்குள் புதைந்திருப்பதால் அங்குச் சிம்பு பயன்படாது.

காரணங்கள்

1. கன்று ஈனும்போது காலில் ஒரே சுருக்கிட்டுப் பலர் சேர்ந்து இழுத்தல். பிறந்த கன்றுகளில் முன்னங்கால் முறிவுக்கு இது முக்கிய காரணமாகும். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் மேற்புறம் ஒரு சுருக்கும், கீழ்ப்புறம் மற்றொரு சுருக்கும் இட வேண்டும். பசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும்.
2. பரண் கொட்டகையில் சட்டங்களின் இடைவெளி அகன்றிருந்து குட்டியின் கால் சிக்குதல்.
3. கட்டுக்கயிற்றில் கால் மாட்டிக்கொள்ளுதல், பெரிய மாடு மிதித்தல், நாய் துரத்தல், வாகனம் மோதுதல், வழுக்கும் சிமெண்டுத் தரை.
4. தீவனக் குறைபாடு. தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தாது உப்பின்றித் தவிட்டையே நம்பி வளர்க்கும் கன்றின் எலும்பு வலுவிழந்து, சிறு அடிக்கும் முறியும். தருமபுரி மாவட்டம் போன்று நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த இடங்களிலும் எலும்பு கெடுவதுண்டு.

அறிகுறிகள்

காலை ஊன்றாது, மூட்டு இல்லாத இடத்தில் கால் மடங்கும் அல்லது தொங்கி ஆடும், வீக்கமும் வலியும் இருக்கும். முறிவை உறுதி செய்ய அசைத்துப் பார்த்தல் கூடாது.

முதலுதவி

கால்நடையை ஓட்டிச் செல்லாமல் படுக்க வைக்கவும். புண் இருப்பின் சுத்தமான நீரால் கழுவித் தூய துணியால் மூடவும். காலை மெல்ல நேராக்கி, பஞ்சு அல்லது மெத்தென்ற துணியைக் கனமாகச் சுற்றவும். அதன்மேல் முனை மழுக்கிய மூங்கில் சிம்புகள் மூன்று அல்லது நான்கு வைத்துக் கட்டவும். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் கட்டுக்குள் அடங்க வேண்டும். முறிந்த இடத்தோடு நின்றுவிடும் கட்டு, முறிவை மேலும் பெரிதாக்கும். தொடை அல்லது மேற்கால் முறிவாயின் கட்டுப் போடாமல், வைக்கோல் பரப்பிய வண்டியில் மருத்துவரிடம் கொண்டு செல்லவும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

செய்யக் கூடாதவை

முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம் மாவும் தடவி இறுகக் கட்டும் வழக்கம் உண்டு. முதல் சில நாட்களில் கால் வீங்கும். காய்ந்து இறுகிய கட்டு விரிந்து கொடுக்காது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு, முறிவால் போகாத கால் கட்டினால் அழுகிப் போகும். குளம்பு சில்லிட்டாலோ, கெட்ட வாடை வீசினாலோ கட்டை உடனே தளர்த்தி மருத்துவரிடம் காட்டவும். எண்ணெய் தேய்த்து உருவுதல் கூடாது. வலிக்கு மனிதருக்கான மாத்திரை தர வேண்டாம். டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது, கழுகினத்தைக் காக்கும் பொருட்டு 2006இல் தடை செய்யப்பட்டது.

பின் கவனிப்பு

மருத்துவர் மாவுக்கட்டுப் போட்ட பின் ஈரம் படாத, வழுக்காத சிறு அடைப்பில் தனியே வைக்கவும். கன்றின் எலும்பு கூட ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும்; வளர்ந்த மாட்டிற்கு இதைவிட நெடுநாள் பிடிக்கும். வளரும் கன்றின் கால் பருப்பதால் கட்டை இடையில் மாற்ற நேரிடும். நடக்கத் தொடங்கியதும் மந்தையில் சேர்க்காமல், மேலும் சில நாட்கள் அடைப்பிலேயே விட வேண்டும்.

ஒரு பிடி பஞ்சும் நான்கு மூங்கில் சிம்பும் எந்த வீட்டிலும் கிடைக்கும். அவற்றை முறையாகப் பயன்படுத்தினால், அடிமாட்டு விலைக்குப் போக இருந்த கிடேரிக் கன்று நாளை கறவைப் பசுவாகும்.