மேக்ரோவா, ஃபங்ஷனா? நேர்காணலில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து எம்பெடட் வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் ஒரு கேள்வியை எதிர்பார்த்தே போகலாம்: "சி மொழியில் எங்கே மேக்ரோ, எங்கே ஃபங்ஷன்?" சீனியர்களின் நோட்ஸில் இருக்கும் பதில், "மேக்ரோ வேகம், ஃபங்ஷன் மெதுவு." அதைச் சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் அது சரி. இன்றைய கம்பைலரில் ஆப்டிமைசேஷனைப் போட்டுவிட்டால், சின்ன ஃபங்ஷனை அழைக்கிற இடத்திலேயே அது தானாக விரித்துவிடும். 1999-ன் சி தரநிலையில் இதற்காகவே 'இன்லைன்' வந்தாயிற்று. போதாததற்கு, பெரிய மேக்ரோவைப் பத்து இடத்தில் போட்டால் பத்துப் பிரதி உண்டாகும். ஆய்வகத்தில் நீங்கள் பார்த்த 8051 சிப்பின் உள்ளே இருப்பதே 4 கிலோபைட் ரோம்தான்.

சரியான பதில் ஒரு வரிதான்: ஃபங்ஷனால் முடிகிற வேலைக்கு ஃபங்ஷன், அதனால் முடியவே முடியாத இடத்தில் மட்டும் மேக்ரோ. அடுத்து "ஏன்?" என்பார்கள். உங்களை எடை போடுவது அங்கேதான்.

சி மொழியின் மேக்ரோவுக்குக் கணக்குத் தெரியாது. கம்பைலர் நிரலைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, ப்ரீபிராசசர் எழுதியதை எழுதியபடி எடுத்து ஒட்டிவிடுகிறது. வர்க்கம்(அ) என்பதை அ * அ என்று மேக்ரோவாக எழுதி, வர்க்கம்(3 + 1) என்று அழைத்துப் பாருங்கள். 3 + 1 * 3 + 1 என்று விரிந்து 7 வரும். ஃபங்ஷன் 16 தரும். "அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது" என்பீர்கள். தீராது.

புஞ்சைக் காட்டில் மண் ஈரம் அளக்கும் ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். சென்சார் எதைக் காட்டினாலும் 30-க்குக் கீழே மதிப்பு போகக் கூடாது என்று பெரியது(ஈரம்_படி(), 30) என எழுதுகிறீர்கள். மேக்ரோ இதை, 'ஈரம்_படி() 30-ஐவிடப் பெரிதா? ஆமென்றால் ஈரம்_படி(), இல்லையென்றால் 30' என்று விரிக்கும். சென்சாரை இரண்டு முறை படிக்கிறது, கவனியுங்கள். முதல் முறை 31 வந்தது, பெரியதுதான். அடுத்த முறை அளவு கொஞ்சம் ஆடி 29 வந்தது. விடை 29! அடைப்புக்குறி எல்லாம் சரியாக இருந்தும், 30-க்குக் கீழே போகவே கூடாத மதிப்பு போய்விட்டது. இந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். அதனால்தான் கண்டுபிடிக்க நாள் கணக்காகும். ஃபங்ஷனாக இருந்தால் சென்சாரை ஒரு முறை படித்து, அந்த ஒரே மதிப்பை வைத்து ஒப்பிட்டிருக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதை விளக்கும் கருத்து கையிலேயே இருக்கிறது. 2019-ல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே செயற்கூறுதான். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது எது, பக்க விளைவு உள்ளது எது என்று அதில் படித்திருப்பீர்கள். சென்சாரைப் படிக்கும் ஃபங்ஷன் இரண்டாவது வகை, அதை மேக்ரோவுக்குள் கொடுப்பதுதான் ஆபத்து. ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினால் ஒரு தாளை வாங்கி 31, 29 என்று எழுதிக் காட்டுங்கள், போதும்.

லினக்ஸ் கெர்னலிலும் 'பெரியது எது' என்பதற்கு மேக்ரோ உண்டு. எந்த வகை எண் வந்தாலும் ஒரே பெயரில் வேலை நடக்க வேண்டும், சி மொழியின் ஃபங்ஷனால் அது ஆகாது. ஆனால் அந்த மேக்ரோ ஒவ்வொரு மதிப்பையும் முதலில் ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறது. கார் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் போகிறீர்களா? மிஸ்ரா சி என்ற விதித்தொகுப்பின் 2012 பதிப்பில் 4.9-ம் வழிகாட்டுதலைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டில் எதுவும் பொருந்தும் என்றால் ஃபங்ஷனையே எடு என்கிறது அது.

மேக்ரோதான் சரி என்கிற இடங்களும் உண்டு. 'அசர்ட்' தோற்றால், எந்தக் கோப்பில் எந்த வரியில் எந்த நிபந்தனை தோற்றது என்று அச்சிட வேண்டும். சி மொழியில் சாதாரண ஃபங்ஷனுக்கு, தன்னை அழைத்த வரியும் தெரியாது, நிபந்தனையின் எழுத்து வடிவமும் தெரியாது.

புராடக்ட் நிறுவனங்களில் கேள்வி இன்னொரு படி மேலே போகும்: "நீங்களே ஒரு மொழி செய்தால் மேக்ரோ வைப்பீர்களா?" எட்டாத கனவு என்று நினைக்க வேண்டாம். தென்காசி மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, டெலூஜ் என்று தனக்கென ஒரு ஸ்கிரிப்ட் மொழியே வைத்திருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழிலேயே நிரல் எழுத வைக்கிறது. அதில் ஃபங்ஷன் 'நிரல்பாகம்' என்று தொடங்கும், 'பின்கொடு' என்று விடை தரும், 'முடி' என்று முடியும். மேக்ரோ கிடையாது. என் பார்வையில் அது மிகச் சரியான முடிவு. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு, தான் எழுதிய வரிதான் ஓடுகிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

லிஸ்ப் வேறு வழியில் போனது. 1963-ல் டிமத்தி ஹார்ட் அதற்குக் கொண்டுவந்த மேக்ரோ எழுத்தை ஒட்டுவதில்லை, நிரலின் கட்டமைப்பையே கையாள்கிறது. அதனால் 7, 16 குழப்பம் அங்கே வராது. இரண்டு முறை படிக்கும் சிக்கல் மட்டும் அங்கேயும் வரும். 2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட், இந்த வகை மேக்ரோவை அழைக்கும்போது பெயரோடு ஆச்சரியக்குறி போடச் சொல்கிறது. படிப்பவருக்கு அது முன்னெச்சரிக்கை. "முதலில் ஃபங்ஷன் மட்டும் தருவேன், தேவை நிரூபணமானால் இப்படி அடையாளம் போட்டு மேக்ரோ சேர்ப்பேன்" என்று நீங்கள் பதில் சொல்லலாம். மேக்ரோவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் உடையும்.

வேலை கிடைத்து உள்ளே போனதும் பழைய நிரலில் மேக்ரோக் காடு காத்திருக்கும். ஜிசிசி கம்பைலருக்கு '-ஈ' (ஆங்கிலப் பெரிய எழுத்து) கொடுத்து விரிந்த வடிவத்தை முதலில் பாருங்கள். உடனே எல்லாவற்றையும் ஃபங்ஷனாக மாற்றக் கிளம்பாதீர்கள். அதே மேக்ரோவை ஓரிடத்தில் முழு எண்ணோடும் இன்னோரிடத்தில் தசம எண்ணோடும் அழைத்திருப்பார்கள். முழு எண் வாங்கும் ஃபங்ஷனாக மாற்றினால் தசமப் பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். அழைக்கும் இடங்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு கமிட்டில் ஒரு மேக்ரோ மட்டும் மாற்றி, டெஸ்ட் ஓடிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.