திறப்பைக் கையளித்தல்



உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கண்டி பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஹற்றன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, மாத்தளைப் பக்கம் போகும் பஸ்களில் பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் ஏறுவார்கள். நகரில் தங்கிப் படித்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். அவர்களுள் ஒருவர் பங்கின் மாணவர் இயக்கத்துக்குத் தலைவராகவோ செயலாளராகவோ இருந்திருப்பார். இயக்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகமும் அவருடைய பெட்டியில் ஊருக்குப் போய்விடும். திருட வேண்டுமென்று யாரும் நினைப்பதில்லை. அவர் கொடுக்கவுமில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை. அவ்வளவுதான்.

குற்றஞ்சாட்ட இதை நான் எழுதவில்லை. அப்படிப் பெட்டி சுமந்து போனவர்களுள் நானும் ஒருவன். இரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கடிதம் எழுதுவது, கணக்கு வைப்பது, கூட்டத்துக்கு அழைப்பது எல்லாம் நானே. அலுமாரித் திறப்பும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். “இவன் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது” என்று பெரியவர்கள் பாராட்டியபோது உள்ளம் குளிர்ந்தது. பரீட்சை முடிந்தது, நான் குருமடம் சேர்ந்தேன். பாஸ்கு விடுமுறையில் வீட்டுக்கு வந்து றங்குப் பெட்டியைக் கிளறியபோது அடியில் அந்தத் திறப்பு கிடந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்டபத்தில் தூசு படிந்திருந்தது. என்னிலும் இளையவனான ஒரு தம்பி சொன்னான்: “அண்ணா, திறப்பு உங்களிடம் இருந்தது. அலுமாரியை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் கூட்டமும் நடக்கவில்லை.” அந்த அலுமாரிக்குள், தோட்டப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க நாங்கள் சேர்த்த பணம் ஒரு பிஸ்கட் ரின்னில் அப்படியே இருந்தது. தை மாதம் பாடசாலை தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கொப்பி கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டின் விலை அதுதான் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

1. மாணவர் இயக்கம் ஏன் வேறானது?

ஊர்ச் சங்கத்தில் ஒருவர் இருபது ஆண்டுகள் தலைவராக இருக்கலாம். மாணவர் இயக்கத்தில் அது முடியாது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் எல்லாரும் வெளியேறியே தீரவேண்டும். ஆகவே, கையளிப்பதை இங்கே கடைசி நாள் சடங்காக வைத்துக்கொள்ள முடியாது. பதவி ஏற்ற நாளிலேயே தொடங்கவேண்டிய முதற்கடமை அது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழை எண்ணிப் பாருங்கள். அதை நடத்திய மாணவர்கள் ஒவ்வொருவரும் சில ஆண்டுகளில் வளாகத்தைவிட்டுப் போனவர்களே. இதழோ பல தலைமுறை மாணவர்களின் கைகளில் வாழ்ந்தது.

2. மோயீசன் தரும் பாடம்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். வாக்களித்த நாட்டுக்குள் தாம் போகப்போவதில்லை என்று மோயீசன் அறிகிறார். அவர் முறையிடவில்லை. மக்கள் மேய்ப்பனில்லா ஆடுகளாகிவிடக் கூடாது என்று அவரே முன்வந்து ஒரு தலைவரைக் கேட்கிறார். யோசுவா இளமை முதலே அவருக்குத் துணையாய் நின்று பழகியவர். மோயீசன் தம் சொந்தப் பிள்ளைகளை முன்னிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். குரு எலெயாசார் முன்னிலையில், மக்கள் அனைவரும் காண, யோசுவாவின்மேல் கை வைத்துத் தம் அதிகாரத்தில் பங்கு கொடுக்கிறார். இதெல்லாம் அவர் உயிரோடிருக்கும்போதே நடக்கிறது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று. அடுத்தவரைத் தேடுவது இருப்பவரின் கடமை. அவரை முன்கூட்டியே பழக்கவேண்டும். எல்லாரும் அறியக் கொடுக்கவேண்டும்.

3. நம் கண்டி மண்ணில்

புனித யோசப் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்து, 1692இல் கண்டியை அடைந்தார். முதற்பல ஆண்டுகள் அவர் தனியொரு குருவாகவே உழைத்தார். ஓர் ஊருக்கு ஒருமுறை போனால் மறுமுறை போகப் பல மாதங்களாகும். அதனால் ஊரூராக மூப்பரையும் அண்ணாவியாரையும் பொறுப்பில் வைத்தார். சுவாமி இல்லாத நாள்களிலும் செபமும் ஞானோபதேசமும் நடந்தன. பின்னர் கோவாவிலிருந்து வந்த குருக்களோடு பணியைப் பகிர்ந்துகொண்டார். 1711 தை 16ஆம் நாள் கண்டியில் அவர் இறந்தபோது திருச்சபை அவரோடு முடிந்துவிடவில்லை.

அம்பிட்டியைக் குன்றில் 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோவின் விருப்பப்படி பாப்பரசரின் குருமடம் நிறுவப்பட்டது. இந்நாடுகளின் மைந்தரே இந்நாடுகளின் மேய்ப்பர்களாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஐரோப்பாவிலிருந்து வந்த குருக்கள் அங்கே தங்கள் இடத்துக்கு வரவேண்டியவர்களைத் தாங்களே படிப்பித்தார்கள். 1955இல் அக்குருமடம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. அம்பிட்டியில் நம் தேசிய குருமடம் எழுந்தது.

இன்னுமொருவர், ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959 முதல் கண்டி ஆயராக இருந்தவர். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பழைய பெரிய ஆசனத்தைவிட்டு அப்புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்று, 1982இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார்.

4. எப்படிக் கையளிப்பது?

மாணவத் தலைவர்களே, ஒரு தவணைக்கு முன்பே தொடங்குங்கள். அடுத்தவர் கூட்டத்தை நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பின்பு இந்த நான்கையும் கொடுங்கள்.

புத்தகங்கள்: கூட்டறிக்கை, அங்கத்தவர் பெயர்ப் பட்டியல், அலுமாரியில் உள்ள பொருள்களின் பட்டியல்.

பணம்: இருவரும் சேர்ந்து எண்ணி, பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால், அங்கே கையொப்பத்தை மாற்றும்வரை உங்கள் வேலை முடியவில்லை.

ஆட்கள்: பங்குத்தந்தை, அதிபர், கன்னியர், மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோரிடம் புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகம் செய்யுங்கள். கடிதத்தால் முடியாத காரியம் இது.

அரைகுறை வேலைகள்: தொடங்கி முடிக்காதவற்றையும், நீங்கள் விட்ட பிழைகளையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வெற்றிகளைவிட அந்தப் பக்கமே அடுத்தவருக்கு உதவும்.

இவற்றைச் செய்தபின் விலகி நில்லுங்கள். கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லுங்கள். புதியவர் உங்களைப்போல் செய்யமாட்டார், சில பிழைகளும் விடுவார். நீங்களும் அப்படித்தான் கற்றீர்கள். ஸ்நாபக அருளப்பர் தம் சீடர்களுக்கு இயேசுவைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் தம்மைவிட்டுப் போனபோது தடுக்கவில்லை.

இந்தப் பாடம் எங்களைப் போன்ற குருக்களுக்கும் உண்டு. 1925இல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய கர்தினால் கார்டைன், தொழிலாளருக்குத் தொழிலாளரே அப்போஸ்தலர் என்று நம்பினார். அவர் காட்டிய வழியில் வளர்ந்ததே மாணவர் இயக்கமும். மாணவர் கையில் இருக்கவேண்டியதைச் சுவாமியே வைத்துக்கொண்டால், சுவாமி இடமாற்றம் பெறும் நாளில் இயக்கமும் மூட்டை கட்டிவிடும்.

5. பெற்றோருக்கு

“என் மகள் இல்லாமல் அந்த இயக்கம் இல்லை” என்று பெருமைப்படாதீர்கள். அவள் போனபின்னும் அது நடந்தால் அதுவே அவளுக்குப் பெருமை. பதவி முடிந்து வரும் பிள்ளையிடம் “ஏன் உன்னை விட்டுவிட்டார்கள்?” என்று கேட்காமல், “எல்லாவற்றையும் ஒப்படைத்தாயா?” என்று கேளுங்கள். வீட்டிலும் பழக்குங்கள். கடைக் கணக்கை எழுதும் மூத்தவள், தம்பிக்கு அதைக் கற்றுக்கொடுக்கட்டும்.

அன்று அந்தத் தம்பியின் கையில் திறப்பைக் கொடுத்தேன். பணத்தை இருவரும் எண்ணினோம். அடுத்த தவணைக்குக் கொப்பிகள் தோட்டத்துக்குப் போயின. அவற்றை வாங்கியவனும் கொண்டுபோனவனும் அவனே. அவன் என்னைவிட நன்றாகவே கணக்கு எழுதியிருந்தான்.

குடும்பத்தில் கலந்துரையாட:

1. நம் பங்கில் எந்தப் பொறுப்பு ஒரே ஆளின் கையில் தங்கியிருக்கிறது? அவர் நாளை வராவிட்டால் யாருக்கு இழப்பு?

2. நான் வகிக்கும் பொறுப்பை யாருக்குப் பழக்கி வருகிறேன்?

3. கொடுக்கவேண்டியிருந்தும் கொடுக்காத திறப்பு ஏதாவது என் பெட்டியில் கிடக்கிறதா?