கியாசனூர்க் காடும் உண்ணியும்

1957ஆம் ஆண்டு, அக்காலத்து மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சொரபா வட்டத்தைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து கிடந்தன. காட்டை ஒட்டிய ஊர்களிலும் பலர் கடுங்காய்ச்சலுற்றனர், சிலர் இறந்தனர். புணே நகரிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்து வல்லுநர்கள் விரைந்து வந்தனர். அவர்கள் முதலில் அஞ்சியது மஞ்சள் காய்ச்சலை. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளையும் மனிதரையும் ஒருங்கே கொல்லும் அந்நோய் இந்தியாவில் காணப்பட்டதில்லை. அதைப் பரப்பும் கொசுவோ இங்கு ஏராளம்.

ஆனால் ஆய்வில் கிடைத்தது, உலகம் அதுவரை அறியாத வேறொரு வைரஸ். அது ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் வைரஸுக்கு உறவுடையது. அந்த உறவே வழிகாட்டிற்று. அறிஞர்கள் உண்ணிகளைத் தேடினர்.

உண்ணி பூச்சியன்று, சிலந்திக்கு உறவான உயிர். முட்டையிலிருந்து வெளிவருங்கால் அதற்கு ஆறு கால்கள், பின்னர் எட்டு. ‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அதற்கு நன்கு பொருந்துகிறது. குருதியன்றி அதற்கு வேறு உணவில்லை. அது பறக்காது, தாவாது. புல்நுனியிலோ சருகிலோ முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். உரசிச் செல்லும் உயிரைப் பற்றிக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, தோலுரித்து, அடுத்த பருவத்தை அடையும். இளமையில் எலி, மூஞ்சூறு, குரங்கு ஆகியவற்றையும், வளர்ந்தபின் மாடுகளையும் நாடும். மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது நடுப்பருவத்து உண்ணியே. அது மிகச் சிறியதாதலால் கடித்தது தெரிவதில்லை. டிசம்பர் முதல் மே வரை நோய் மிகுதி.

இந்நோயை மக்கள் ‘குரங்குக் காய்ச்சல்’ என்றனர். கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’. பெயர் பழியைக் குரங்கின்மேல் சுமத்துகிறது. உண்மையில் குரங்கும் மனிதரைப் போலவே உண்ணிக்கடியால் துன்புறுவது. அது இறந்து உடல் குளிர்ந்ததும், அதிலிருந்த உண்ணிகள் இறங்கித் தரையில் பரவுகின்றன. அவ்விடத்தில் விறகு பொறுக்குவோரும், பாக்குத் தோட்டத்திற்குச் சருகு அள்ளுவோரும் கடிபடுகின்றனர். காட்டிற்குப் போகாதிருக்க அவர்களால் இயலுமா? நோயுற்றோருள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. ஆயினும் மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை.

2012ஆம் ஆண்டில் பந்திப்பூர்க் காட்டிலும், அதை அடுத்துள்ள நீலகிரி மாவட்டத்து முதுமலையிலும் இறந்த குரங்குகளில் இந்த வைரஸ் காணப்பட்டது. பின்னர் வயநாட்டிலும் கோவாவிலும் மக்கள் நோயுற்றனர். ஆதலால் இக்காடுகளில் இறந்த குரங்கைக் காண்போர், அதைத் தொடாமல், வனத்துறைக்கோ சுகாதார நிலையத்திற்கோ உடனே தெரிவித்தல் வேண்டும். பணியாளர் வந்து உடலை அகற்றி, சுற்றிலும் உண்ணி கொல்லும் மருந்து தூவுவர்.

சொற்பொருள்: ஒருங்கே – ஒன்றாக, குருதி – இரத்தம், சருகு – உலர்ந்த இலை.

விடை எழுதுக: வல்லுநர்கள் முதலில் மஞ்சள் காய்ச்சலை ஐயுற்றது ஏன்? ‘குரங்குக் காய்ச்சல்’ என்னும் பெயர் பொருத்தமானதா? காரணம் தருக.